சித்தப்பாவின் கால் புண்ணும் காந்த மெத்தையும்

சித்தப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, எட்டணா அகலத்துக்கு ஒரு புண். தீபாவளிக்குப் போனபோது கட்டிலில் புது மெத்தை, உள்ளே வரிசையாகக் காந்த வில்லைகள். ஒன்றேகால் லட்சமாம். "காந்தம் தோல் செல்லை வளர்க்கும்னு ஆராய்ச்சியே இருக்காம்ப்பா" என்று விற்றவர் தந்த தாளைக் காட்டினார். அதை நம்பி ஐந்து வாரமாகக் கட்டு மாற்றவே போகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். நானே மூன்று வருடம் ஆய்வகத்தில் மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை (தோலுக்கு நார் நெய்து தாங்கும் செல்கள்) கண்ணாடி போன்ற தட்டுகளில் வளர்த்தவன். தட்டு நிறைந்ததும் மீன்கூட்டம் மாதிரி ஒரே பக்கமாக நீண்டு கிடக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் தாளில் சொன்ன ஆய்வுகள் கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டு, நொடிக்குப் பல தடவை மாறும் காந்தப் புலத்தை வைத்துச் செய்தவை. மாறும் புலம்தான் செல்லுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். உடைந்து ஒட்டாத எலும்பை ஒட்ட வைக்க 1979-இல் அமெரிக்காவின் மருந்து, கருவி ஒப்புதல் அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த கருவியும் அந்த வகைதான். மெத்தையில் இருப்பது சும்மா கிடக்கிற காந்தம்.

சரி, மாறும் புலமே என்றாலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நொடிக்கு 50 சுற்று (50 ஹெர்ட்ஸ்) மாறும், 1 மில்லிடெஸ்லா வலுவுள்ள புலத்தை ஐந்து நிமிடம் போட்டு பத்து நிமிடம் நிறுத்தினால் ஃபைப்ரோபிளாஸ்டின் டி.என்.ஏ. உடைகிறது என்று 2002-இல் வியன்னாக் குழு எழுதியது. 2005-இல் இத்தாலியில் அதையே திரும்பச் செய்தார்கள், உடையவில்லை. செல் வளர்ச்சியிலும் இதே கதைதான்: ஓரிடத்தில் கூடுகிறது, இன்னோரிடத்தில் குறைகிறது. செல் வளர்க்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரின் விசிறியும் ஹீட்டரும்கூடத் தட்டுக்குத் தட்டு வேறு புலம் தரும். சுருள் லேசாகச் சூடானாலும் போதும், வளர்ச்சி மாறிவிடும்.

அப்புறம், தட்டில் செல்லுக்குப் சத்துக்காகப் பத்து சதவீத சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) ஊற்றுகிறோம், கிருமி அண்டவிடுவதில்லை. சித்தப்பாவின் பாதத்தில் ரத்தமே சரியாக ஓடவில்லை, உணர்ச்சியும் இல்லை. நடக்கும் ஒவ்வொரு அடியும் அந்தப் புண் மேலேயே விழுகிறது. சிரைக் கோளாறால் காலில் வரும் புண்களுக்கு மின்காந்த சிகிச்சை பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2015-இல் அலசியபோது தேறியவை மூன்றே சோதனைகள், மொத்தம் 94 பேர். பலன் உண்டு என்று சொல்ல அது போதவில்லை.

இப்போது சித்தப்பாவுக்கு மருத்துவர்கள் செத்த சதையை எடுத்துவிட்டார்கள். எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுகிறார், கட்டு தவறாமல் மாறுகிறது. நேற்று சித்தி அனுப்பிய படத்தில் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக மெல்லிய தோல். மெத்தை விற்றவர் இன்னும் போனை எடுக்கவில்லை.