மாரோவிண்டை முதல்முறை ஆடப்போகிறவருக்கு மூன்று மாட் போதும்

2002-ல் பெதெஸ்டா வெளியிட்ட மாரோவிண்ட் என்ற கேமை இப்போதுதான் வாங்கியிருக்கிறேன், என்னென்ன மாட் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றக் கோப்பு) போடலாம் என்று யாராவது கேட்டால், உடனே நூறு மாட் கொண்ட பட்டியல் ஒன்றை நீட்டிவிடுகிறார்கள். அது உதவியே இல்லை என்பேன். முதல் ஆட்டத்துக்கு கேமை ஓட்டும் ஒரு புது எஞ்சின், ஒரு பிழைதிருத்தம், தூங்கும்போது வரும் கொலையாளிகளைத் தள்ளிப்போடும் ஒரு குட்டி மாட், இவ்வளவுதான் வேண்டும். கெட்டுப்போனதைச் சரிசெய்வது வேறு, செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்ததைப் பிடுங்கி எறிவது வேறு.

சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். வாள் எலியின் உடம்பில் படுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் அடி விழுவதில்லை. உடனே "ஒவ்வொரு அடியும் விழும்" மாட் ஒன்றைத் தேடிப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். ஆயுதத் திறன், அதோடு அஜிலிட்டி (சுறுசுறுப்பு) என்ற பண்பில் ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகையைக் களைப்பைக் காட்டும் பச்சைப் பட்டை பெருக்குகிறது: பட்டை நிறைந்திருந்தால் 1.25, காலியாக இருந்தால் 0.75. வரும் எண்ணிலிருந்து எதிராளியின் தப்பிக்கும் திறன் கழியும். மிஞ்சுவதுதான் அடி விழும் சதவீதம்.

ரெட்கார்ட் இனத்து வீரன் ஒருவனை வைத்துப் பார்ப்போம். சண்டையைச் சிறப்புத் துறையாகவும் லாங் பிளேடை (நீள வாள்) முதன்மைத் திறனாகவும் எடுத்தால், முதன்மைத் திறனுக்கு 30, சிறப்புத் துறைக்கு 5, இனத்துக்கான 15, ஆக 50. அஜிலிட்டியும் லக்கும் 40 என்றால் 8-ம் 4-ம் சேர்ந்து 62. பட்டை நிறைந்திருந்தால் 77.5. அதே ஆள் தொடக்க ஊரான செய்தா நீனில் அலுவலகத்து மேசையில் கிடக்கும் குத்துவாளை எடுத்துக்கொண்டு போகிறான். எல்லாரும் அதை எடுப்பார்கள். அது ஷார்ட் பிளேடு, அதாவது குட்டை வாள் வகை. அதில் அவனுக்கு இருப்பது வெறும் 10. கூட்டினால் 22. வழியெல்லாம் ஓடிவந்து பட்டையையும் காலி செய்திருந்தால் 16.5. ஆறு வீச்சுக்கு ஒன்றுகூட உறுதியில்லை. ஆக, திறன் உள்ள ஆயுதத்தைக் கையில் எடுங்கள், சண்டைக்கு முன் ஓடாதீர்கள், நடந்து போங்கள். கேம் சொல்லித்தராமல் விட்ட பாடம் இது என்பது உண்மைதான், ஆனால் பிழை இல்லை. எல்லா அடியும் விழும் மாட்டைப் போட்டால் காசு கொடுத்துப் பயிற்சி எடுப்பதில் பாதிப் பயன் போய்விடும், எதிரியின் அடியைத் தவறவைக்கும் சாங்சுவரி மந்திரமும் வீண். எதிரிக்கும் அதே சலுகை கிடைத்துவிட்டால் முதல் குகையிலேயே கதை முடிந்துவிடும்.

அடுத்தது, போகவேண்டிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டும் மாட். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல்மோரா ஊரில், முதன்மைக் கதையில் உங்களுக்கு வேலை தரும் கேயஸ் கோசேட்ஸ் உங்களை ஹாஸ்ஃபாட் என்பவரிடம் அனுப்புவார். ஹாஸ்ஃபாட், மறைந்துபோன ட்வெமர் இனம் கட்டிய ஆர்க்ன்தாண்ட் என்ற இடிபாட்டுக்கு வாயாலேயே வழி சொல்வார்: ஊரின் தெற்கே இறங்கு, ஒடாய் ஆற்றைத் தாண்டு, மூன்மாத் கோட்டைப் பக்கம் போ, பழைய ட்வெமர் பாலத்தின் வழியாக எரிமலைப் பள்ளத்தைக் கட, கதவு தானாகத் திறக்காது, குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பு. கைகாட்டிப் பலகையைப் படிக்கிறீர்கள், பாலம் கண்ணில் படுகிறது, குழாயைத் தேடி அலைகிறீர்கள், கைப்பிடியைத் திருப்பியதும் வட்டக் கதவு உருண்டு விலகுகிறது. உள்ளே தேடவேண்டிய பெட்டி சின்னது. அதை நீங்களே கண்டுபிடியுங்கள். அம்புக்குறி இருந்தால் இந்த இருபது நிமிடமும் ஒரு புள்ளியை நோக்கி நடப்பதாகச் சுருங்கிவிடும். இந்த கேமின் உயிரே அந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது.

மூடுபனி விஷயமும் இப்படித்தான். தொலைவில் இருப்பதையெல்லாம் காட்டும் வசதியைப் போட்டதும் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கேம் நடக்கும் வார்டன்ஃபெல் உண்மையில் சின்னத் தீவு. பனி மறைத்திருக்கும் வரைதான் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் தூரம். முதல் ஆட்டத்தில் பனி இருக்கட்டும்.

நடை மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு கேமிலேயே வழி இருக்கிறது. தி ஸ்டீட் ராசியை எடுத்தால் ஸ்பீட் 25 கூடும். ஆட்களைச் சுமந்து போகும் ராட்சதப் பூச்சியான சில்ட் ஸ்டிரைடர், படகு, மந்திரவாதிகள் சங்கத்தின் வழிகாட்டிகள், ஓர் இடத்தைக் குறித்துவைத்து அங்கே திரும்ப உதவும் மார்க், ரீகால் மந்திரங்கள் எல்லாம் சேர்ந்தால் தீவு முழுக்கப் போய்வரலாம்.

இனி போடவேண்டியவை. டிரிப்யூனல், பிளட்மூன் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த கேம் ஆஃப் தி இயர் பதிப்பை வாங்கி, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே நிறுவுங்கள். உள்ளே வைத்தால் விண்டோஸ் கோப்புகளை மாற்றவிடாமல் தடுக்கும். பிறகு ஓப்பன் எம்டபிள்யூ எஞ்சினைத் தனி ஃபோல்டரில் நிறுவி, அதன் லாஞ்சரில் கேம் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். மாரோவிண்ட், டிரிப்யூனல், பிளட்மூன் என்ற வரிசையில் டிக் இருக்கவேண்டும். எழுத்து பொடிசாகத் தெரிந்தால் அமைப்புகளில் இடைமுக அளவைக் கூட்டிக்கொள்ளலாம். பழைய எஞ்சினுக்கான கோட் பேட்ச், எம்ஜிஇ எக்ஸ்இ இரண்டும் இதோடு ஒத்துவராது; ஏதாவது ஒரு வழியை மட்டும் பிடியுங்கள்.

இரண்டாவது, பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ் என்ற பிழைதிருத்தம். இதைக் கேமின் ஃபோல்டருக்குள் கொட்டாமல் தனி ஃபோல்டரில் விரித்து, லாஞ்சரில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து, பிளட்மூனுக்கு அடுத்து டிக் செய்யுங்கள். பட்டியலில் பெயரே வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: விரிக்கும்போது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாகியிருக்கும், நீங்கள் வெளியில் இருப்பதைக் காட்டியிருப்பீர்கள். இதோடு வரும் செமி ப்யூரிஸ்ட் கோப்பு இப்போது வேண்டாம்.

மூன்றாவது, டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிக் கூட்டத்தின் தாக்குதலைத் தாமதப்படுத்தும் மாட். டிரிப்யூனல் இருந்தால் முதல் நிலையில் தூங்கினாலே கொலையாளி வந்துவிடுவான். தப்பித்தவறி அவனைக் கொன்றால் அவன் கவசம் விலை உயர்ந்தது, விற்றால் பணப் பிரச்சினையே இருக்காது. தொடக்கத்தின் வறுமை போய்விடும். கூடவே கதை உங்களை டிரிப்யூனல் நடக்கும் மோர்ன்ஹோல்ட் நகருக்கு இழுக்கும், பல்மோராவையே சரியாகப் பார்த்திராத நேரத்தில். 2002 நவம்பரில் வந்த விரிவாக்கத்தை ஏற்கெனவே கேமை முடித்தவர்களை மனதில் வைத்துச் செய்ததால் வந்த கோளாறு இது. அதனால்தான் இந்த ஒரு மாற்றத்தை ஏற்கிறேன்.

இதே அளவுகோல் மற்ற கேம்களில் வேறு விடை தரும். 2004-ல் வந்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் இரண்டாம் பாகம் அவசரத்தில் அரைகுறையாக வெளியானது. வெட்டப்பட்ட பகுதிகளை மீட்கும் மாட் இல்லாமல் முதல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. அதே ஆண்டின் வேம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ் கேமுக்கு அன்அஃபிஷியல் பேட்ச் கட்டாயம், ஆனால் நிறுவும்போது பேசிக்கைத் தேர்ந்தெடுங்கள். பிளஸ் புதிதாகச் சிலவற்றைச் சேர்க்கும்.

மாரோவிண்டில் பிளகின் கோப்போடு வரும் எந்த மாட்டையும் ஆட்டத்தின் நடுவில் நீக்காதீர்கள். அதன் பொருட்களும் ஸ்கிரிப்டுகளும் சேவ் கோப்பில் பதிந்திருக்கும், பிறகு அந்த சேவை நம்பமுடியாது. வெறும் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) மாட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை, சேவில் எதையும் எழுதாது. படம் மங்கலாக இருப்பது உறுத்தினால் பத்து மணி நேரம் ஆடியபிறகு அதைப் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.