பழைய ஆயில் ஊற்றினால் பிக்கப் வண்டியின் சத்தம் போய்விடுமா?

"பிக்கப்பின் பின்பக்கம் சத்தம் வந்தால் லீஃப் ஸ்பிரிங்கில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுங்கள், சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

லீஃப் ஸ்பிரிங் என்பது வண்டியின் பாரத்தைத் தாங்கும், அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள் (பிளேட்டுகள்). அவை உரசும் 'கீச்' சத்தம் ஆயில் பட்டதும் அடங்கும், அது சரி. ஆனால் சில நாளில் அந்த ஆயிலில் மண் ஒட்டி, உப்புத்தாள் போலப் பிளேட்டையே தேய்க்கும். ஸ்பிரிங் முனையில் இரும்போடு இரும்பு உரசாமல் மெத்தை போல இருக்கும் ரப்பர் புஷ் ஆயிலில் ஊறி உப்பிவிடும். வழிந்து பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக்கே பிடிக்காது.

பள்ளத்தில் 'டக் டக்' என்று இடித்தால் அது வேறு கதை. அதற்கு ஆயில் மருந்தே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு (சக்கரங்களை இணைக்கும் தண்டோடு) இறுக்கிப் பிடிக்கும் யு-போல்ட்டைப் பாருங்கள். நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் துரு கசிந்திருந்தாலோ, பிளேட் நகர்ந்து பளபளத்தாலோ போல்ட் தளர்ந்திருக்கிறது. அப்படியே பாரம் ஏற்றி ஓட்டினால் பிளேட்டுகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸிலே இடம் மாறலாம். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

அப்புறம் ஷேக்கிள் புஷ், அதாவது ஸ்பிரிங் முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளில் உள்ள புஷ். கடப்பாரையை லேசாகக் கொடுத்து நெம்பும்போது இரும்போடு இரும்பு இடித்தால் புஷ் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்.