ஒரு நாளைக்கு ஒரு மரானி போதும்

"ஜார்ஜியா போறோம், ககேதி பக்கம் ஒரு நாள் ஒயின் டூர் போடலாமா?" என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

ககேதி என்பது ஜார்ஜியா நாட்டின் கிழக்கே உள்ள ஒயின் பிரதேசம். கட்டாயம் போங்கள். ஆனால் ஒரே நாளில் ஆறு இடம், பதினைந்து வகை ஒயின் என்று விளம்பரம் செய்கிற வண்டியில் மட்டும் ஏறாதீர்கள். நான் இரண்டு தடவை போனவன். முதல் தடவை அப்படித்தான் ஏறினேன்.

அன்று பேருந்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். காலை ஒன்பதுக்குத் தலைநகர் திபிலீசியில் கிளம்பி, வழியில் ரொட்டி சுடும் கடையில் பத்து நிமிடம், போட்பே மடத்தில் அரை மணி நேரம். நான்காம் நூற்றாண்டில் ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோ அடக்கமாகியிருக்கும் இடம் அது. திராட்சைக் கொடிக் கட்டைகளைத் தன் தலைமுடியாலேயே பிணைத்து அவர் சிலுவை செய்துகொண்டார் என்பது அந்த நாட்டு மக்களின் நம்பிக்கை. திராட்சைக் கொடி அவர்களுக்கு யார் என்பதை இந்த ஒரு கதையே சொல்லிவிடும். ஆனால் எங்கள் வழிகாட்டி அதை ஒலிபெருக்கியில் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். பிறகு சிக்னாகி ஊரில் முக்கால் மணி நேரம். பிறகு ஒயின் கூடங்கள், ஒன்று மாற்றி ஒன்று.

முதல் கூடத்தில் நீளமான மேடை. நின்றபடியே இருபது நிமிடத்தில் ஐந்து வகை. தொட்டுக்கொள்ளத் தட்டில் சின்னச் சின்னச் சீஸ் துண்டுகள். மூன்றாவதாக வந்தது தேன் நிறத்து ஒயின். ஒரு வாய் குடித்ததும் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி வறண்டு இழுத்துக்கொண்டது. கெட்டுப்போனதைத் தருகிறார்களோ என்று நினைத்துக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். ஐந்தும் முடிந்ததும் சாச்சா, அதாவது ஒயின் எடுத்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கையிலிருந்து காய்ச்சும் கடும் சாராயம். அப்போது மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. நான்காவது இடத்துக்குப் போகும்போது பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே அலசானி சமவெளி முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்குப் பின்னால் பனி மூடிய காக்கசஸ் மலை. அதைப் பார்க்கத்தானே காசு கொடுத்து வந்தோம்!

அறைக்கு வந்ததும் அக்கா மகளிடம் புலம்பினேன். திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள், நான்காம் வருடம். அவள் குடிக்கிறவள் இல்லை, ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டை நன்றாக அறிந்தவள்.

"அந்த ஒயினைத் தனியாக் குடிச்சீங்களா மாமா? அதைச் சாப்பாட்டோடதான் குடிப்பாங்க. அடுத்த தடவை வரும்போது என் ஃபிரெண்டோட பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவங்க வீட்டுலயே மரானி இருக்கு."

மரானி என்றால் ஒயின் வைக்கும் அறை. ககேதி கிராமத்தில் பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்தே இருக்கும்.

இரண்டாவது தடவை போனது ஏப்ரல் கடைசியில். நாங்கள் நான்கு பேர், ஒரே கார். தெலாவி நகருக்குப் போகும் கொம்போரி கணவாய்ச் சாலையில், 1,600 மீட்டர் உயரம் ஏறி இறங்கினோம். மேலே மரங்களில் இலையே துளிர்க்கவில்லை, கீழே இறங்கினால் கொடிகளெல்லாம் தளிர்விட்டிருந்தன. வழியில் அலாவெர்தி பேராலயத்தில் மட்டும் நின்றோம். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே துறவிகள் இன்றும் ஒயின் செய்கிறார்கள். அவ்வளவுதான். பதினொரு மணிக்கு அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் இருந்தோம், கிளம்பும்போது மாலை ஐந்தரை.

மரானிக்குள் நுழைந்தால் பீப்பாய் எதுவும் கண்ணில் படாது. மண்தரை, அதில் வட்ட வட்டமாக வாய்கள். உள்ளே புதைந்திருப்பது க்வெவ்ரி. நம் பழைய தாழியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே வடிவம்தான்: முட்டை போன்ற வயிறு, கூம்பிய அடி. சுட்ட மண்ணில் செய்து, உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் இறக்கிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்து அறுவடைக்கு ர்த்வெலி என்று பெயர். அப்போது திராட்சையை மிதித்துச் சாற்றை இதில் ஊற்றுவார்கள். சாறு மட்டுமல்ல, தோல், விதை, பல வீடுகளில் காம்புகூட அதோடு போகும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, பழத்தோலில் இருப்பதே நுரைத்துப் பொங்கும். மேலே மிதந்து வரும் தோலை நீளக் கட்டையால் நாளைக்குப் பலமுறை அமுக்கிவிட வேண்டும். கொதிப்பு அடங்கியதும் மூடி போட்டு மண்ணால் பூசி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். பூமியின் குளிர்ச்சி அதைப் பார்த்துக்கொள்ளும்.

அடி ஏன் கூம்பியிருக்கிறது என்று கேட்டேன். பெரியவர் இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். விதைகள் முதலில் அந்த முனையில் போய்ப் படியும், அதன்மேல் தோலும் காம்பும் படிந்து மூடிக்கொள்ளும், அதனால் விதையின் கசப்பு ஒயினுக்கு அவ்வளவாக ஏறாது. அக்கா மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒரு குயவன் கைப்பட வளைத்த வளைவுக்குள் எவ்வளவு அனுபவம் அடங்கியிருக்கிறது! 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனித குலத்தின் கலாசார மரபாகப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் வெளிவந்த ஆய்வொன்று திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த மண்கல ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சத்தைக் கண்டறிந்தது; காலம் கி.மு. 6000ஐ ஒட்டியது. அந்த எண்ணைப் பேருந்திலும் சொன்னார்கள்தான். மூடியைச் சுற்றியிருந்த மண்ணைப் பெரியவர் கரண்டியால் சுரண்டியெடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

மூடி விலகியதும் முதலில் வந்தது வாசனை. உலர்ந்த ஆப்ரிகாட் பழம், தேன்மெழுகு, மழை பெய்த மண், எல்லாம் கலந்து வந்தது. நீளக் கம்பில் கட்டிய சுரைக்குடுவையை உள்ளே விட்டு மொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். ர்கட்சிதெலி என்கிற வெள்ளைத் திராட்சை. ஆனால் நிறமோ தேன். நான் அன்று வைத்துவிட்டு வந்த அதே வகை ஒயின்!

ஒரு வாய் குடித்தேன். அதே துவர்ப்பு, அதே இழுப்பு. முகம் சுளித்ததைப் பெரியவரின் மனைவி பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துப்போனார்.

கத்தரிக்காயை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து வாட்டி, பூண்டும் மசாலாவும் சேர்த்து அரைத்த வால்நட் விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்து தூவியிருந்தார்கள். ஒரு சுருளைத் தின்றுவிட்டு மறுபடி குடித்தேன். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. உள்ளேயிருந்து பழத்தின் வாசனை எழும்பி வந்தது, வால்நட்டின் எண்ணெய்ப் பிசுக்கை ஒயின் துடைத்துக்கொண்டு போனது. அடுத்த சுருளுக்கு நாக்கு தயாராகிவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. மாதக்கணக்கில் தோலோடு கிடந்ததால் இந்த ஒயினில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைய. வெறும் வாயில் குடித்தால் அந்த டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் நாக்கு வறள்கிறது. கொழுப்பும் புரதமும் உள்ள உணவு வாயில் இருந்தால் அது அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒயினைச் சாப்பாடு இல்லாமல் ஊற்றிக் கொடுப்பது அதற்குச் செய்யும் அநியாயம் என்று நான் சொல்வது இதனால்தான். ஐந்து வகையை வரிசையாக நிறுத்தி, அரை விரல்கடைச் சீஸைக் கையில் கொடுத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அன்று அந்தக் கூடத்தில் 'ஜார்ஜியா ஒயின் நமக்குச் சரிப்படாது' என்று முடிவு கட்டிக்கொண்டு போனவர்களை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவு ஆகிவிடும். ஷோத்திஸ் புரி என்று ஒரு ரொட்டி. புரி என்றால் அவர்கள் மொழியில் ரொட்டிதான். கிணறு மாதிரியான மண் அடுப்பின் உட்சுவரில் மாவை நீளமாக இழுத்து அறைந்து சுடுகிறார்கள், இரண்டு முனையும் கூராக, படகு போல வரும். கீரையை வால்நட்டோடு அரைத்துப் பிடித்த உருண்டை, மண்சட்டியில் காராமணி போன்ற பயறுக் குழம்பு, புளித்த பிளம் சட்னி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதே இல்லை. அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் நோன்பு நாட்கள் ஏராளம், அப்போது கறி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். அதனால் காய்கறியிலும் வால்நட்டிலும் அவர்களுக்குத் தேர்ந்த கை. கறி சாப்பிடுகிறவர்களுக்கு ம்ட்ஸ்வாதி. கவாத்து செய்த திராட்சைக் கொடிகளைக் காயவைத்து, அந்தத் தணலில் வாட்டிய பன்றிக்கறி. கூடவே சபெராவி. அந்தத் திராட்சைக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. பெயருக்கே சாயம் தருவது என்று பொருள். கொடியின் புகை ஏறிய கறியும் அதே கொடியின் சாறும் வாயில் சேர்ந்தபோது நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அங்கே யாரும் தன்பாட்டுக்குக் குடிப்பதில்லை. தமதா என்று ஒருவர் பந்திக்குத் தலைமை ஏற்பார், அன்று பெரியவரேதான். அவர் எழுந்து யாரையாவது நினைத்து நாலு வார்த்தை மனதாரப் பேசி முடித்தபிறகுதான் கோப்பையை உயர்த்துவார்கள். சமாதானத்துக்கு, வந்த விருந்தாளிகளுக்கு, இறந்துபோனவர்களுக்கு, குழந்தைகளுக்கு. ஒவ்வொரு தடவையும் 'காகிமார்ஜோஸ்', உனக்கு வெற்றி உண்டாகட்டும். அக்கா மகள் பச்சை நிறத் தார்ஹுன் சோடாவை உயர்த்தினாள், யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறந்தவர்களின் முறை வந்தபோது பெரியவர் ரொட்டித் துண்டில் இரண்டு சொட்டு ஒயின் விட்டார். நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஆறரை மணி நேரத்தில் நான் குடித்தது மொத்தம் நான்கு கோப்பை இருக்கும், தலை தெளிவாகவே இருந்தது. மூடியைத் திறந்தால் முடித்துவிட வேண்டும் என்கிற குடியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். குடும்பத்தோடு, பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்திருக்கும் பந்தியில், பேச்சுக்கு நடுவே குடிக்கிற குடியை நம்மவர்கள் ஒரு தடவையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

சின்ன வீடுகளைத் தேடிப் போங்கள் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த நாட்டுக்கே உரிய திராட்சை வகைகள் 500க்கும் மேல். சோவியத் காலத்தில் ஆலைகளுக்குத் தோதான சில வகைகள்தான் பெரும் பரப்பில் நடப்பட்டன. 1985இல் கோர்பசேவின் மது எதிர்ப்பு நடவடிக்கையில் தோட்டங்களையே பிடுங்கினார்கள். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. பெருமளவு வாங்கிக்கொண்டிருந்த சந்தை ஒரே நாளில் அடைபட்டது, 2013இல்தான் திறந்தது. இத்தனைக்கும் நடுவே க்வெவ்ரியையும் பல அரிய கொடிகளையும் காப்பாற்றி வைத்தவை இந்த மாதிரி வீடுகள்தான். நம் காசு அங்கே போய்ச் சேரட்டும்.

"இருப்பது ஒரே நாள், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். சிக்னாகி அழகான ஊர், மறுக்கவில்லை. திபிலீசியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அதையும் போட்பேயையும் பார்க்க ஆசையென்றால் அந்தப் பக்கத்துக் கிராமத்திலேயே ஒரு மரானியைப் பிடியுங்கள். தெலாவி பக்கம் என்றால் அலாவெர்தி. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். தனிக் கார் பேருந்தைவிடச் செலவுதான், நான்கு பேர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும்.

இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் உங்களுக்காகச் சமைக்க வேண்டும். எத்தனை பேர், யார் சைவம், யார் குடிக்கமாட்டார் என்பதையும் சொல்லுங்கள். காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள், நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். பிடிக்காததை மீதம் வைப்பதில் தப்பில்லை. சாச்சாவை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், ஒரு சின்னக் கோப்பைக்குமேல் வேண்டாம். வீட்டு ஒயினைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தந்தால் ஊருக்குச் சுமக்காதீர்கள், இரண்டொரு நாளில் அறையிலேயே தீர்த்துவிடுங்கள். கொண்டுவர வேண்டுமானால் முத்திரையிட்ட கண்ணாடிப் பாட்டில். இந்தியாவுக்குள் வயதுவந்த பயணி ஒருவருக்கு 2 லிட்டர்வரை தீர்வை இல்லை. வால்நட்டை நூலில் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த சுர்ச்கெலாவை மறக்காமல் வாங்குங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கிளம்பும்போது மரானிக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு க்வெவ்ரி வாய் மட்டும் மண் பூச்சு விரிசல் விட்டு, பல வருடமாகத் தொடாதது போல இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அக்கா மகளைக் கேட்கச் சொன்னேன். பெரியவர் முற்றத்தில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்த பேத்தியைக் கைகாட்டினார்.

"அவ பிறந்த வருசத்து ஒயினாம் மாமா. அவ கல்யாணத்துக்குத்தான் திறப்பாங்களாம்."

அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது இருக்கும்.