கடைசிப் படியில்தான் சண்டை

"மறைஞானிகள் கடவுளை உணர்ந்தார்கள், சீர்திருத்தவாதிகள் கடவுளைப் படித்தார்கள்." கிறிஸ்தவம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்த வரியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். மறைஞானிகள் என்றால் ஜெபத்தில் கடவுளை நேரே அனுபவிக்க முயன்றவர்கள்; சீர்திருத்தவாதிகள் என்றால் 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழிவகுத்தவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் எழுதியதைத் திறந்து பார்த்தால் நிற்காது.

16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய மறைஞானியும் துறவியுமான அவிலா தெரேசா, பதினெட்டு ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் ஜெபத்தில் உட்காரவே துணியவில்லை என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். நற்கருணை வாங்கிய வேளை மட்டும்தான் விதிவிலக்கு. 1559இல் ஸ்பெயினில் தாய்மொழி பக்தி நூல்கள் பலவற்றைத் தடை செய்தபோது அவருக்கு அது பெரிய இழப்பு. அந்தப் பக்கம் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தரைப் பாருங்கள். பெயர் தெரியாத ஒரு ஜெர்மன் மறைஞானியின் நூலை 1516இல் ஒரு பகுதியாகவும் 1518இல் முழுதாகவும் அச்சேற்றியவர் அவர். பைபிளுக்கும் அகஸ்தீனாருக்கும் அடுத்து, கடவுளைப் பற்றி இதைவிட அதிகம் கற்றுத்தந்த நூல் தனக்கு இல்லை என்று முன்னுரையும் எழுதினார்.

அப்படியானால் எங்கேதான் பிரிகிறார்கள்? ஒரு ஏணியின் கடைசிப் படியில்.

12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்துத் தலைவர் இரண்டாம் குய்கோ நான்கு படிகளை வகுத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், காட்சி. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் ருசியைக் கண்டெடுக்கிறது, காட்சி, அதாவது சொல்லும் யோசனையும் அடங்கி கடவுளில் லயிப்பது, அந்த இனிப்பேதான். தமிழில் நமக்கு ஒரு தொல்லை உண்டு. 'தியானம்' என்றதும் கண்ணை மூடிச் சும்மா இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். குய்கோவின் தியானம் வாய்க்கு வேலை கொடுப்பது. அவரே செய்து காட்டுகிறார். "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனத்தை எடுக்கிறார். உடலில் என்று சொல்லாமல் இருதயத்தில் என்று ஏன் சொல்லியிருக்கிறது? கை சுத்தமாக இருந்தால் போதாதா? உடனே 24ஆம் சங்கீதத்துக்குப் போகிறார், அங்கே கையும் இருதயமும் சேர்ந்தே வருகின்றன. அங்கிருந்து "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்ற 51ஆம் சங்கீதம். அப்புறம் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட யோபு. ஒரே வசனம், இத்தனை மெல்லல். படி தாண்டினால் என்ன ஆகும் என்றும் சொல்கிறார்: தியானமில்லாத வாசிப்பு வறண்டது, வாசிப்பில்லாத தியானம் வழிதவறும், தியானமில்லாத ஜெபம் வெதுவெதுப்பானது.

1539இல் லூத்தர் தன் ஜெர்மன் நூல்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், 119ஆம் சங்கீதத்திலிருந்து மூன்று விதிகளை எடுக்கிறார்: ஜெபம், தியானம், சோதனை (துன்பமும் மனப்போராட்டமும்). குய்கோவின் ஏணி தெரிந்தவர்களுக்கு இதில் எது காணாமல் போனது என்று உடனே தெரியும். காட்சி இருந்த இடத்தில் சோதனை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜெபமும் முதலிடத்துக்கு ஏறிவிட்டது: உன் அறிவால் இது ஆகாது, அறைக்குள் போய் மண்டியிட்டு ஆவியைக் கேள் என்கிறார். தியானத்தை மனத்தோடு நிறுத்தாதே, வாய்விட்டுச் சொல், எழுத்தில் இருக்கும் சொல்லைத் திரும்பத் திரும்ப உரசிப் பார். ஒன்றிரண்டு முறை படித்ததும் போதும் என்பவன் பாதிகூடப் பழுக்காமல் விழுந்த காய். மூன்றாவதான சோதனைதான் உரைகல். வசனம் எவ்வளவு உண்மை, எவ்வளவு இனிமை என்பதை அறிய மட்டுமல்ல, அனுபவிக்கவும் அதுதான் கற்றுத்தருகிறதாம். 'அனுபவம்' என்ற சொல் இங்கே லூத்தர் வாயிலிருந்தே வருகிறது, கவனியுங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றுகிறவனுக்கும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்: உன் காதைப் பிடித்துப் பார், நீண்ட மயிரடர்ந்த கழுதைக் காதுகள் தட்டுப்படும், அவற்றில் பொன்மணி கட்டிக்கொள், போகிற இடமெல்லாம் கேட்கட்டும்.

இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினும் இந்தக் கூட்டத்தில்தான். மூளையில் மிதக்கும் அறிவை ஒதுக்கிவிட்டு, இருதயத்தில் வேரூன்றியதைத்தான் கடவுளை அறிதல் என்கிறார். வேதத்தை வயதானவருக்கு மூக்குக்கண்ணாடி என்கிறார். கண்ணாடியைக் கழற்றும் நாள் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

மறைஞானிகள் கழற்றும் நாளைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் எவ்வளவு கறாராக! தெரேசா 1577இல் எழுதிய நூலில் ஆன்மாவின் பயணத்தை ஏழு மாளிகைகளாகப் பிரிக்கிறார். நான்காவதற்கு வந்ததும், எட்டு மணி நேரம் பரவசம்போல் கிடந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். மருந்து: தூக்கம், சாப்பாடு, கடுந்தவத்தைக் குறைப்பது. சரியாகிவிட்டது. பட்டினி கிடந்து பலவீனமான உடலை ஆவியின் வேலை என்று நினைத்துவிடுவதுதான் அவர் அடிக்கடி கண்ட கோளாறு.

தெரேசாவின் தோழரான ஸ்பானிய மறைஞானி சிலுவையின் யோவான் இன்னும் கறார். வசனத்தை மெல்லுவதை நிறுத்த மூன்று அடையாளம் வேண்டும், மூன்றும் ஒன்றாக. ஒன்று, தியானிக்க முடியவில்லை, முயன்றாலும் ருசியில்லை. இரண்டு, வேறு எதிலும் மனம் போய் ஒட்டவும் விருப்பமில்லை. மூன்று, கடவுள்மேல் அன்பான கவனத்தோடு தனியே சும்மா இருக்கப் பிடிக்கிறது. முதலாவது மட்டும் இருந்தால் அது வெறும் கவனச்சிதறல். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

ஆக, வேதம் சப்பென்று ஆகிவிட்ட ஒருவர் லூத்தரிடமும் யோவானிடமும் போனால் என்ன நடக்கும்? வறட்சிதான் உன் சோதனை, வாயைத் திறந்து மறுபடி படி என்பார் லூத்தர். வெளியிலிருந்து வரும் வார்த்தையை விட்டுவிட்டு ஆவி என்று பெருமை பேசுவதெல்லாம் பிசாசின் வேலை என்று எழுதியவர் அவர். மூன்று அடையாளமும் இருப்பவரை மறுபடி மெல்ல வைப்பது, ஊருக்குள் வந்துவிட்டவரை மறுபடி நுழைவதற்காக வெளியே அனுப்புவது என்பார் யோவான். அப்படி நடத்தும் ஆன்ம குருக்களைச் சம்மட்டி தவிர வேறெதுவும் தெரியாத கொல்லர்கள் என்றே திட்டியிருக்கிறார். இங்கே சமரசமே கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது இருவரையும் படிக்காததற்கு அடையாளம்.

என் ஓட்டு, பெரும்பாலான நேரம் லூத்தருக்கு. யோவான் தவறு என்பதால் அல்ல, அவருடைய இரண்டாவது அடையாளம் அவ்வளவு கடினம் என்பதால். வேதம் சலித்துப்போய் மூடி வைத்தவர் அடுத்த நிமிடம் செல்பேசியை எடுக்கிறாரா இல்லையா என்று பார்த்தாலே போதும்.