ஒத்துவராமல் போகவில்லை, கலைத்தார்கள்

நேற்று இரவு டிவியில் அந்த இராக் விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அமெரிக்கா இராக்குக்கு ஜனநாயகம் கொடுத்தது, அந்த மக்களுக்குத்தான் ஒத்துவரவில்லை" என்று அதில் பேச வந்த ஒருவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நெறியாளரும் தலையாட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒத்துவராமல் போகவில்லை ஐயா, கலைத்தார்கள். 2003இல் அமெரிக்கா படையெடுத்து இராக்கைப் பிடித்த பிறகு, அதை ஆள அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி பால் பிரெமர் மே மாதம் பாக்தாத் வந்து இறங்கிய இரண்டே வாரத்தில் இரண்டு உத்தரவுகள். அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு இனி அரசு வேலை கிடையாது என்றது முதல் உத்தரவு. பிழைப்புக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த பள்ளி ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் அதில் அடிபட்டார்கள். அடுத்தது மே 23, ராணுவமே கலைப்பு. ஏறத்தாழ 4 லட்சம் பேர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள், ஒரே நாளில் வேலை இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள்.

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கிடங்கில் அப்படி ஒருவர் இருந்தார். அங்கே ராணுவத்தில் பொறியாளர், எங்களிடம் சரக்கு எண்ணும் வேலை. கறுத்து உலர்ந்த எலுமிச்சையைத் தட்டிப்போட்டு டீ போடுவார், முதல் கோப்பை எனக்குத்தான். பர்ஸில் பழைய ராணுவ அடையாள அட்டை, ஓரமெல்லாம் பிய்ந்துபோய் இருக்கும். இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "திரும்பக் கூப்பிட்டால் வேண்டுமே" என்றார். அது 2009.

சதாம் கொடுங்கோலன் இல்லையா என்று வருவீர்கள். கொடுங்கோலன்தான், யார் மறுத்தது? 1988இல் ஹலப்ஜா ஊரில் விஷவாயு போட்டுக் குர்து இன மக்களைக் கொன்றாரே, அப்போது ஈரானுடனான போரில் அமெரிக்கா யார் பக்கம்? 1983இல் பாக்தாத் போய் அவரிடம் கைகுலுக்கிய ரம்ஸ்ஃபெல்டுதானே 2003இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர்? ஷியா சன்னி பகை முன்பே இருந்தது என்பீர்கள். சரி, இருந்தது. அதற்காக அரசையே கலைப்பதா? கலைத்த ராணுவத்தின் அதிகாரிகள் சிலர்தான் பின்னாளில் ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்புக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள், 2014இல் இராக்கின் மொசூல் நகரம் அந்த அமைப்பின் கையில் விழுந்தது. அவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் துப்பாக்கி எடுக்காமல் எங்கோ போய்ச் சரக்கு எண்ணியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே!

ஜனநாயகம் ஒத்துவரவில்லையாம். 2005 ஜனவரி தேர்தலில், ஓட்டுப் போட்டால் கொல்வோம் என்ற மிரட்டலுக்கு நடுவே, வாக்குச்சாவடிகளில் குண்டு வெடித்த அன்றே, 80 லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்று விரலில் ஊதா மை வைத்துக்கொண்டார்கள். நாம் எந்தக் குண்டுக்கு நடுவே போய் ஓட்டுப் போட்டோம்?

ஊர் திரும்பிய பிறகு அவருடைய எண்ணைத் தொலைத்துவிட்டேன். நேற்று ராத்திரி பழைய டைரியையெல்லாம் எடுத்துப்போட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை.