கொலுசு கறுத்தால் கலப்படமா?

பீரோவில் வைத்த கொலுசு கறுத்துவிட்டால் அது கலப்பட வெள்ளி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கருப்புப் படலமாகிறது. 999 சுத்த வெள்ளிக்கும் (ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி) இது நடக்கும். செம்பு கலந்த 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு) கொஞ்சம் சீக்கிரம் கறுக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாக வெந்த முட்டையிலிருந்தும் கந்தக வாயு வரும்; அதைச் சுடச்சுட இரண்டாக வெட்டி, ஒரு 999 வெள்ளிக் காசோடு டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். காசு முட்டையில் படாமல் இருக்கட்டும். முதலில் லேசாக மஞ்சள் தட்டும், அப்புறம் பழுப்பாகிக் கறுக்கும். தரம் தெரிய டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்கும் கடையில் கொடுங்கள். நிறத்தை மட்டும் வைத்துச் கொலுசு செய்யும் சேலத்துப் பட்டறைக்காரர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.