இரண்டு நாள் வகுப்பில் கிடைக்கும் ஊசி

பிசியோதெரபி வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும், வாரம் தவறாமல் ஒரு போஸ்டர் வந்துவிடும். இரண்டே நாளில் ட்ரை நீட்லிங், சனி ஞாயிறு, மதிய உணவும் சான்றிதழும் உண்டு, முதலில் பணம் கட்டுபவர்களுக்குச் சலுகை. போன வாரம் வந்த ஒன்றில் ஊசிப் பெட்டியும் இலவசம் என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நான் ட்ரை நீட்லிங்குக்கு எதிரி இல்லை. திருப்பூரில் கிளினிக் நடத்துகிறேன், இந்த ஊசியை அடிக்கடி கையில் எடுக்கிறவள். அந்த உரிமையோடுதான் சொல்கிறேன்: பணம் கட்டிய எல்லோரையும் பாஸ் போடும் பயிற்சி பயிற்சியே இல்லை. அப்படிப் படித்து வந்தவரிடம் என் வீட்டு ஆட்களை நான் அனுப்ப மாட்டேன்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இது மருந்தே இல்லாத ஊசி. பருமன் 0.25, 0.30 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் வழக்கமான ஊசியில் ஏறக்குறைய பாதி. தசைக்குள் இறுகிக்கிடக்கும், அழுத்தினால் வலி வேறு இடத்துக்கும் ஓடுகிற புள்ளியை விரலால் தேடிப் பிடித்து அதில் இறக்குகிறோம். இந்தப் புள்ளிகளை ட்ரிகர் பாயிண்ட் என்று வரைபடம் போட்டு உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜேனட் டிராவெல், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மருத்துவர். அவர் காலத்தில் பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தைத்தான் உள்ளே செலுத்தினார்கள். 1979-இல் செக் மருத்துவர் காரெல் லெவிட், 241 நோயாளிகளின் 312 வலி இடங்களில் வெறும் ஊசி போட்டதன் முடிவை வெளியிட்டார். அவற்றில் 87 சதவீத இடங்களில் உடனடியாக வலி குறைந்திருந்தது. வேலை செய்வது மருந்து மட்டும் இல்லை, ஊசியும்தான் என்ற பேச்சு அதிலிருந்துதான் சூடு பிடித்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. போஸ்டர்களில் அந்தச் சதவீதம் மட்டும் பெரிய எழுத்தில் வருகிறது, இந்தக் குறை வருவதே இல்லை.

எங்கள் ஊரில் இந்த ஊசிக்கு வேலை அதிகம். பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவர்களுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் டிரப்பீசியஸ் தசை கல்லாக இறுகிவிடும். அப்படி வந்த ஒரு அக்கா ஊசியைப் பார்த்ததும் கேட்டார், "ஏனுங்க மேடம், மருந்தே இல்லாத ஊசி எப்படிங்க வலியக் கொறைக்கும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறாரா, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா, ஊசி என்றால் மயக்கம் வருமா என்று கேட்டு, குப்புறப் படுக்க வைத்து, அதற்கப்புறம்தான் ஊசியின் உறையைப் பிரிப்பேன்.

பிரித்த பிறகு நடப்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே. அந்தத் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் கொத்தாகப் பிடித்து, நெஞ்சுக்கூட்டிலிருந்து விலக்கி மேலே தூக்க வேண்டும். ஊசி ஒரு விரலிலிருந்து எதிர் விரலை நோக்கித்தான் போக வேண்டும். சரியான இடத்தைத் தொட்டால், பிடித்திருக்கும் விரலுக்கடியில் தசை ஒரு துடி துடித்து அடங்கும். பிடி தளர்ந்து ஊசியின் முனை கீழ்நோக்கித் திரும்பினால் அந்தப் பக்கம் இருப்பது நுரையீரல். அதன் உச்சி காறை எலும்புக்கு மேலேயே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கிறது. ஒல்லியான ஆளுக்கு முதுகில், தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டிய இடத்தில், தோலிலிருந்து நுரையீரல் உறை வரை ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்தான். வகுப்பில் இலவசமாகத் தரும் பெட்டியில் இருக்கும் ஊசியோ பெரும்பாலும் நான்கு சென்டிமீட்டர் நீளம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் போதாது, விரல் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, "பிடி தளருது, எடு, திரும்பப் பிடி" என்று திருத்தத் திருத்தத்தான் அது வரும்.

அப்படி யாரும் நிற்காத ஒரு வகுப்பை நேரில் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஹால் நிறைய ஆட்கள், கற்றுக்கொடுக்க ஒரே ஒருவர். முன்வரிசைக்குக் கை தெரிந்தது, பின்வரிசைக்காரர்கள் மொபைலில் ஜூம் செய்து பார்த்தார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டார்கள். குத்து வாங்கப்போகிறவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உள்ளே எத்தனை ஊசி போனது, வெளியே எத்தனை வந்தது என்று எண்ணச் சொல்லும் ஆளும் இல்லை. இரண்டாம் நாள் காலையிலேயே சான்றிதழ்கள் பெயரோடு அச்சாகி மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. அன்று பிற்பகல்தான் நெஞ்சுப் பகுதி செய்முறையே.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "ஆபத்து ரொம்பக் குறைவு, ஆய்வே சொல்லுதே" என்பது. உண்மைதான். அயர்லாந்தில் 39 பிசியோதெரபிஸ்ட்டுகள் செய்த 7,629 சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். ரத்தக்கட்டு, லேசான ரத்தக்கசிவு, வலி என்று சின்னச் சின்னத் தொந்தரவுகள் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட, பெரிய பாதிப்பு ஒன்றுகூட இல்லை. 2020-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 20,464 சிகிச்சைகளில் 20 பெரிய பாதிப்புகள், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் அயர்லாந்தில் அந்த ஊசியைப் பிடித்தவை முறையாகப் பழகிய கைகள். அவர்கள் வாங்கிய நல்ல பெயரை, ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்து ஜூம் செய்தவர் எப்படிக் கடன் வாங்க முடியும்? அப்புறம், ஆயிரத்துக்கு ஒன்று என்பது கேட்கத்தான் சின்னது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் போடும் கிளினிக்கில் நாலு மாதத்தில் ஆயிரம் ஆகிவிடும்.

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டோரின் யேட்டர்-வாலஸ் 2014 சோச்சி ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, 2013-இன் கடைசியில், இதே ஊசி சிகிச்சையில் அவர் நுரையீரல் சுருங்கிப்போனது. அவ்வளவு வசதி உள்ள இடத்தில், அவ்வளவு கவனிக்கப்படுகிற உடம்புக்கே அது நடந்தது.

இன்னொரு வாதமும் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் பிசியோதெரபி உரிம வாரியங்களின் கூட்டமைப்புக்காக நடந்த ஆய்வு, ட்ரை நீட்லிங்குக்குத் தேவையான அறிவில் 86 சதவீதம் பட்டப்படிப்பிலேயே கிடைத்துவிடுகிறது என்றது. அதைக் காட்டி, மீதியை வார இறுதியில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அந்த மீதியில்தான் ஊசியைக் கையாள்வதே இருக்கிறது! அதே அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 80 மணி நேரம் கேட்கிறது, 40 வகுப்பு, 40 மேற்பார்வையில் செய்முறை. நம் ஊரில் பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பில் உடற்கூற்றியல் வருவது பெரும்பாலும் முதல் வருடத்தில். அதை முடித்துப் பல வருடம் கழித்து வகுப்புக்கு வருகிறவர், தோள்பட்டை எலும்பின் விளிம்பை ஒரு ஆள் முதுகில் பேனாவால் வரைந்து காட்ட முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் அன்றைக்கு ஊசி கொடுக்கவே கூடாது.

பயன் விஷயத்திலும் நேர்மையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மூன்று மாதம் வரையிலான காலத்துக்கு வலி குறைவதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அதற்கு மேல் ஆதாரம் போதாது. ட்ரிகர் பாயிண்ட் என்ற கருத்தையே கேள்வி கேட்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டு, ஸ்டூல் உயரத்தை மாற்றாமல், கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுக்காமல் அனுப்பினால் அவர் அதே வலியோடு திரும்பி வருவார். திரும்பத் திரும்ப ஊசிக்குப் பணம் வாங்குவது சிகிச்சை இல்லை.

2021-இல் பிசியோதெரபி உள்ளிட்ட சுகாதாரத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது, மாநிலக் கவுன்சில்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. எத்தனை மணி நேரம், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், யார் தேர்வு வைப்பது என்று அவர்கள் எழுதிவைக்க வேண்டும். இதை நம் சங்கங்கள் கேட்க வேண்டும், வெளியிலிருந்து யாராவது வழக்குப் போடும் வரை உட்கார்ந்திருக்கக் கூடாது.

தம்பி தங்கைகளுக்கு: பணம் கட்டும் முன்னால் போன் போட்டுக் கேளுங்கள். ஒரு பயிற்றுநர் எத்தனை பேரைப் பார்ப்பார்? செய்முறைத் தேர்வு உண்டா, இதுவரை யாராவது ஃபெயில் ஆகியிருக்கிறார்களா? மயக்கம் போட்டால், மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று சொல்லித் தருவார்களா? பயன்படுத்திய ஊசியைப் போட 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும், குத்து தாங்கும் வெள்ளை டப்பா ஹாலில் இருக்குமா? மழுப்பினால் போகாதீர்கள். போட்ட பணம் போனால் போகட்டும் என்று பாதியில் எழுந்து வந்தாலும் தப்பில்லை.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஊசி போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் வலிப்பது சகஜம். ஆனால் கழுத்திலோ முதுகிலோ நெஞ்சிலோ ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், வறட்டு இருமல் வந்தால், அது சில மணி நேரம் கழித்து வந்தாலும் சரி, காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டுக்கொண்டதை முதலில் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.